கதவைத் தட்டுவதற்கு முன் யாரைக் கேட்டார்கள்?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயில் கமிட்டியில் செயலாளராக இருக்கிறாராம். அவர் கேள்வி சுருக்கமாக இது: "புதிய உளவுத்துறைச் சட்டம் வந்துவிட்டது, இனி அரசாங்கம் எல்லார் போனையும் ஒட்டுக்கேட்கலாம், கோயில் கமிட்டிகளைக்கூடச் சோதிக்கலாம் என்கிறார்கள். எங்கள் கமிட்டியில் பாதிப் பேர் வாட்ஸ்அப் குழுவையே மூடிவிடலாம் என்கிறார்கள். அம்மாவோ, 'நாம் என்ன தப்பு செய்தோம்? கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் நடக்கிற கொள்ளைக்குப் போலீசுக்கு இன்னும் அதிகாரம் கொடுக்க வேண்டும்' என்கிறார். யார் சொல்வது சரி?"

தம்பி, நான் வக்கீல் இல்லை. டர்பனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 28 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். சோதனை வாரண்டுகள், போன் பட்டியல் கேட்கும் சம்மன்கள், ஜாமீன் மனுக்கள் என்று நிறையக் காகிதம் என் கையால் போய் வந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அம்மா சொல்வதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் நம் க்வாசூலு-நடால் மாகாணம் எரிந்தபோது உளவுத்துறை எங்கே போனது என்று எல்லாரும் கேட்டோம். நாடு முழுவதும் 350 பேருக்கு மேல் செத்தார்கள். டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸில் அப்போது நடந்த கொலைகளின் காயம் இன்னும் ஆறவில்லை. முன்கூட்டியே தெரிந்து தடுத்திருக்க வேண்டிய வேலை அது. ஆள் கடத்துகிறவனையும், கடைக்காரர்களை மிரட்டிப் பணம் பறிக்கிறவனையும் பிடிக்கப் போன் பதிவு இல்லாமல் முடியாது. அரசாங்கத்துக்குச் சோதனை போடும் அதிகாரமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நம் அரசியல் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அதன் 14ஆம் பிரிவு நம் உடம்பு, வீடு, உடைமை, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் காவல் கொடுக்கிறது. 36ஆம் பிரிவோ, நியாயமான காரணம் இருந்தால் சட்டம் போட்டு அந்த உரிமைக்கு எல்லை வைக்கலாம் என்கிறது.

அதனால் அதிகாரம் இருக்கலாமா கூடாதா என்பதை நான் கேட்பதில்லை. எந்தச் சட்டம் வந்தாலும் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். உள்ளே வருவதற்கு முன் வெளியாள் ஒருவரை, அதாவது போலீசுக்கும் மந்திரிக்கும் கட்டுப்படாத ஒருவரை, கேட்டார்களா? வேலை முடிந்த பிறகு எனக்குச் சொன்னார்களா? இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தச் சட்டம் சீக்கிரமே கெட்டுப்போகிறது. என் ஊகம் இல்லை இது. இந்த நாட்டில் நம் மக்களுக்கே நடந்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.

1906இல், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் அன்றைய ஆங்கிலேயக் காலனியான டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டத்தின் வரைவு வந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும் சீனரும் பதிய வேண்டும், பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். போலீஸ்காரர் எங்கே நிறுத்தினாலும் பதிவுச் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டைப் பார்ப்பதற்காக அவர் வீட்டுக்குள்ளும் வரலாம். நம் பெரியவர்களுக்கு அதிகம் வலித்தது இந்தக் கடைசி விஷயம். தெருவில் நிறுத்திக் கேட்பது ஒன்று. பெண்கள் படுத்திருக்கும் அறைக்குள் வந்து 'உன் சீட்டு எங்கே' என்பது வேறு. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் கூடி, இந்தச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று சத்தியம் செய்தது இதற்காகத்தான். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஃபோர்ட்ஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் பெரிய இரும்புப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றி 2000க்கும் மேற்பட்ட சீட்டுகளை எரித்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

காந்தியின் பெயர் எல்லாருக்கும் தெரியும். தம்பி நாயுடுவின் பெயர் நம் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. மொரிஷியஸில் பிறந்த தமிழர், ஜோகன்னஸ்பர்க்கில் வண்டி வைத்துப் பிழைத்தவர். 1908 ஜனவரியில் காந்தியோடு ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறையில் இருந்தார். டிரான்ஸ்வால் அரசின் மந்திரி ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் போன சமரசக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மூவரில் ஒருவர், மற்ற இருவர் காந்தியும் சீனர் தலைவர் லியுங் குவினும். அந்தப் போராட்டத்தில் தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சி ஜெயிலுக்குப் போனவர்கள் தமிழர்கள். சாமி நாகப்பன் 1909இல் செத்தது சிறை முகாமின் குளிரால். தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் ஜெயிலிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். இருவரும் பிராம்ஃபொன்டெய்ன் மயானத்தில் இருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். தம்பி நாயுடுவின் மகன் வீடு ஜோகன்னஸ்பர்க்கின் டூர்ன்ஃபொன்டெய்னில் இருந்தது. பேரன் இந்திரஸ் 1963இல் பிடிபட்டு ராபன் தீவுச் சிறையில் பத்து வருடம் இருந்தார். பேத்தி சாந்தியை 1969 ஜூனில் பிடித்தார்கள். 1967ஆம் வருடத்துப் பயங்கரவாதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி கோர்ட்டைக் கேட்காமலே எத்தனை நாள் வேண்டுமானாலும் ஆளை அடைத்து வைக்கலாம். வக்கீலைப் பார்க்க முடியாது, குடும்பத்துக்குச் செய்தி போகாது. வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சாந்தி நாயுடு கூண்டில் ஏறி மறுத்தார். மொத்தம் 371 நாள் உள்ளே இருந்தார். தாத்தா காலத்தில் கைரேகைச் சட்டம், பேத்தி காலத்தில் தனிச் சிறைச் சட்டம். இரண்டையும் கொண்டு வந்தவர்கள் நாட்டின் நன்மைக்காகத்தான் என்று சொன்னார்கள், இரண்டிலும் ஒரு நீதிபதி முன்கூட்டியே பார்த்து 'வேண்டாம்' என்று சொல்ல இடமில்லை.

சரி, அது வெள்ளைக்காரன் ஆட்சி, இப்போது நம் ஆட்சிதானே என்பார் அம்மா. எனக்கும் அப்படி நினைக்க ஆசைதான். ஆனால் 2017 ஜூன் முதல் 2018 மே வரை, அதே டூர்ன்ஃபொன்டெய்னை ஒட்டிய பகுதிகளில், போலீசும் நகராட்சியும் குடிநுழைவு அதிகாரிகளும் சேர்ந்து 11 கட்டடங்களில் ஏறக்குறைய 20 முறை இறங்கினார்கள். கையில் வாரண்ட் இல்லை. குடியிருந்தவர்களைத் தெருவில் நிறுத்தினார்கள், கைரேகை எடுத்தார்கள், அடையாளச் சீட்டைக் கேட்டார்கள், வீடுகளுக்குள் புகுந்து சாமான்களைக் கலைத்தார்கள். ஏழைகள், உள்ளூர்க்காரர்களும் பிற ஆப்பிரிக்க நாட்டு அகதிகளும் கலந்து வாழ்ந்த இடம். 1995ஆம் வருடத்துப் போலீஸ் சட்டத்தின் 13(7) பிரிவு இதற்கு வழி விட்டிருந்தது. போலீஸ் கமிஷனரே ஒரு பகுதியைச் சுற்றி வளைக்க எழுதிக் கொடுத்தால் போதும், உள்ளே இருக்கும் எந்த வீட்டையும் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம். குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம், வாரண்ட் இல்லாமல் வீடுகளைச் சோதிக்க விடும் அளவுக்கு அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் படித்தபோது 1906இன் சட்டத்தைத் திரும்பப் படிப்பது போலவே எனக்கு இருந்தது. அதே கைரேகை, அதே சீட்டு. ஆட்கள் மட்டும் வேறு.

அந்த நீதிமன்றம் எங்கே இருக்கிறது தெரியுமா? தம்பி நாயுடு அடைபட்டிருந்த அதே ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறை வளாகத்தில். 2004இல் அங்கே கட்டடம் திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறவர்கள் அங்கே ஒரு முறை கூட்டிப் போக வேண்டும்.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். புதிய சிம் கார்டு வாங்கினால் கடைக்காரர் 'ரிக்கா பண்ணியாச்சா' என்று கேட்கிறார் அல்லவா? அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுக்கிறோம். அந்த ரிக்கா ஒரு சட்டத்தின் பெயர், 2002ஆம் வருடத்து 70ஆம் எண் சட்டம், 2005இல் அமலுக்கு வந்தது. சிம் பதிவு 2009 ஜூலையில் தொடங்கியது. நம்மில் பலருக்கு ரிக்கா என்றால் சிம் பதிவு மட்டும்தான். ஒட்டுக்கேட்பு எப்படி நடக்க வேண்டும் என்பதை எழுதி வைத்திருப்பதும் இதே சட்டம்தான். போலீசோ உளவுத்துறையோ ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியிடம் மனுக் கொடுக்க வேண்டும். அவர் அனுமதித்தால் மூன்று மாதம் வரை கேட்கலாம், அப்புறம் புதுப்பிக்கலாம். யார் யாரோடு எப்போது பேசினார்கள், எந்த டவருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்ற பதிவுகளைப் போன் கம்பெனிகள் மூன்று முதல் ஐந்து வருடம் வரை சேமித்து வைக்க வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல சட்டம். நீதிபதியைக் கேட்கிறார்கள் இல்லையா? நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஓட்டை எங்கே என்று எனக்குப் புரிந்தது சாம் சோல் வழக்கில். அவர் அமாபுங்கானே என்ற புலனாய்வு மையத்தின் பத்திரிகையாளர். 2008இல், பின்னாளில் ஜனாதிபதியான ஜேக்கப் ஜூமா மீதான வழக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, அரசு வழக்கறிஞர் ஒருவரோடு அவர் பேசியதை ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். சந்தேகம் வந்து கேட்டபோது ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. 2015இல் வேறொரு வழக்கின் பிரமாணப் பத்திரத்தோடு அவர் பேச்சின் எழுத்து வடிவம் இணைப்பாக வந்தது. தன் சொந்தப் பேச்சைக் கோர்ட் காகிதத்தில் பார்த்துத்தான் அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. ஏழு வருடம்! அதுவும் தற்செயலாக.

ஏன் அப்படி? ஒட்டுக்கேட்டதைச் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லவே கூடாது என்று ரிக்கா எழுதி வைத்திருந்தது. விசாரணை முடிந்த பிறகும், குற்றமே இல்லை என்று தெரிந்த பிறகும், என்றைக்கும் கூடாது. வீட்டைச் சோதித்தால் உடைந்த கதவாவது இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருப்பார். போனைக் கேட்டால் தடயமே இருக்காது. தெரியாத தப்பை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

தெரியவே தெரியாது என்ற தைரியம் ஒரு அதிகாரியை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2010இல் சண்டே டைம்ஸ் பத்திரிகையாளர்கள் இருவரின் எண்களைப் போலீஸ் உளவுப் பிரிவினர் பொய்ப் பெயர்களில், குற்றவாளிகளின் எண்கள் என்று சொல்லி, ஒட்டுக்கேட்க நீதிபதியிடம் அனுமதி வாங்கினார்கள். நீதிபதி முன்னால் ஒரு தரப்பின் காகிதம் மட்டுமே இருக்கிறது. எதிர்த்துக் கேள்வி கேட்க ஆளே இல்லை. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் என்ன செய்வார்? நான் அலுவலகத்தில் கற்ற பாடமும் இதுதான். ஒரு பக்கத்துக் காகிதத்தை மட்டும் படித்தால் எந்த வழக்கும் உண்மையாகத்தான் தெரியும்.

அமாபுங்கானே 2017இல் வழக்குப் போட்டது. 2019இல் உயர் நீதிமன்றத்தில் வென்றது. 2021 பிப்ரவரி 4 அன்று அரசியல் சட்ட நீதிமன்றத்தில் நீதிபதி மட்லாங்கா பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். அனுமதி தரும் நீதிபதியை நியமிக்கும் முறையில் சுதந்திரத்துக்குப் போதிய காப்பு இல்லை, பின்னால் அறிவிப்பு இல்லை, ஒரு தரப்பு மட்டும் பேசுவதற்கு ஈடுகட்டும் வழி இல்லை, எடுத்த பதிவுகளை எப்படி வைப்பது, எப்போது அழிப்பது என்ற ஒழுங்கு இல்லை, வக்கீல்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் தனிக் கவனம் இல்லை. இந்த ஐந்து குறைகளாலும் ரிக்கா அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றார். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 36 மாதம் கொடுத்தார்கள். அதுவரை சும்மா விடவில்லை. அனுமதி முடிந்த 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும், தள்ளிப்போட வேண்டுமானால் நீதிபதியைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே இடைக்கால ஏற்பாடு எழுதி வைத்தார்கள். நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்வி இந்த நாட்டின் சட்டத்துக்குள் முதல் முறையாக வந்தது அன்றைக்குத்தான்.

அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு, உங்கள் கேள்விக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. ஒருவர் போனைக் குறிவைத்துக் கேட்பது ஒரு வகை. நாட்டுக்கு வெளியே போய் வரும் எல்லாப் போக்குவரத்தையும் மொத்தமாக அள்ளி, அதில் குறிப்பிட்ட சொற்களைத் தேடுவது இன்னொரு வகை. தேசியத் தகவல் தொடர்பு மையம் என்ற அலுவலகம் இதைச் செய்து வந்தது. அதற்குச் சட்டமே இல்லை என்று உளவுத்துறையை ஆராயப் போட்ட மாத்தியூஸ் கமிஷன் 2008இலேயே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. யாரும் அசையவில்லை. 2021இல் நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்று வெளிப்படையாகச் சொல்லி நிறுத்தியது.

'வெளிநாட்டுப் போக்குவரத்து' என்றவுடன் அது ஒற்றர்களின் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். டர்பனுக்கு வடக்கே ம்டுன்சினி கடற்கரையில் கடலடிக் கம்பிகள் கரையேறுகின்றன. அதில் ஒன்று ரீயூனியன், மொரிஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. மெல்போர்னுக்குப் போய்விட்ட மகளோடு நீங்கள் பேசுவதும், கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பியை வரவழைக்க அனுப்பும் மின்னஞ்சலும் இப்படிப்பட்ட கம்பிகளில்தான் போகின்றன. நம் வீட்டுப் பேச்சில் பாதி இன்றைக்கு வெளிநாட்டுப் போக்குவரத்துதான்.

அரசாங்கம் இந்தத் தீர்ப்புக்குச் சொன்ன பதில்தான் நீங்கள் கேட்ட சட்டம். 2023இல் பொது உளவுச் சட்டங்கள் திருத்த மசோதா என்று வந்தது. 2009இல் ஒன்றாக்கிய உளவுத்துறையை உள்நாடு, வெளிநாடு என்று மறுபடி இரண்டாகப் பிரிப்பது அதன் ஒரு பகுதி, அது நல்லதே. ஆனால் அதன் முதல் வடிவம், தொண்டு நிறுவனம், தேவாலயம் போன்றவற்றை நடத்த விரும்புகிறவர்களை உளவுத்துறை பாதுகாப்புச் சோதனை செய்யலாம் என்ற எண்ணத்தோடு வந்தது. தேவாலயம் என்றால் கோயிலும் மசூதியும் சேர்த்திதான். உங்கள் கமிட்டியில் ஓடும் பயம் இங்கேதான் தொடங்கியது. யாரும் கற்பனை செய்யவில்லை. மத அமைப்புகளும் தொண்டு அமைப்புகளும் கடுமையாக எதிர்த்து எழுதின. நாடாளுமன்றக் குழு அந்தப் பகுதியைக் குறுக்கி, சாதாரண அமைப்புகளை விட்டுவிட்டது. 2024 மார்ச்சில் தேசியப் பேரவை நிறைவேற்றியது, 2025 மார்ச்சில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். ஆகவே கோயில் கமிட்டி என்பதற்காகவே உங்களைச் சோதிக்கும் அதிகாரம் இறுதிச் சட்டத்தில் இல்லை. இதைக் கமிட்டியில் தெளிவாகச் சொல்லுங்கள். எதிர்த்து எழுதியவர்களால்தான் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மொத்தமாக அள்ளும் வேலைக்கு இந்தச் சட்டம் முதல் முறையாகச் சட்ட அடிப்படை கொடுத்திருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அனுமதி தர வேண்டும், அவருக்கு உதவியாக நிபுணர்கள் இருவர் இருப்பார்கள். ஆக என் முதல் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு இந்த முறையில் பதில் இருக்கவே முடியாது. கடல் முழுவதையும் வலை போட்டு இழுத்துவிட்டு, எந்த மீனுக்குப் போய்ச் சொல்வார்கள்? எனக்கு இந்தப் பகுதி ஒப்புதல் இல்லை. குறிவைத்துக் கேளுங்கள், காரணம் சொல்லிக் கேளுங்கள் என்பதுதான் என் நிலை.

இத்தனை நேரம் சொன்னதெல்லாம் பத்திரிகையில் வருகிறது. பத்திரிகையில் அதிகம் வராத ஒன்று, என் மேசையில் அதிகம் பார்த்த ஒன்று, 205ஆம் பிரிவுச் சம்மன். 1977ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அது. உங்கள் பேச்சைக் கேட்பதற்குத்தான் ரிக்கா நீதிபதி வேண்டும். யாரோடு, எப்போது, எங்கிருந்து பேசினீர்கள் என்ற பட்டியலுக்கு ஒரு மாஜிஸ்திரேட்டின் சம்மன் போதும். போலீஸ் எழுதி, அரசு வழக்கறிஞர் வழியாகப் போகும். போன் கம்பெனி பட்டியலை அனுப்பிவிடும். உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். 2017இல் தகவல் உரிமை அமைப்பான ரைட் டு நோ, நான்கு பெரிய கம்பெனிகளிடம் கேட்டு வாங்கிய கணக்குப்படி, வருடத்துக்குக் குறைந்தது 70,000 எண்களின் பட்டியல் இப்படிப் போயிருக்கிறது. ரிக்கா நீதிபதியிடம் போகும் மனுக்கள் இதோடு பார்த்தால் மிகச் சிறு எண்ணிக்கை.

பட்டியல்தானே, பேச்சு இல்லையே என்று தோன்றும். ஒரு முறை எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கொள்ளை வழக்கின் கோப்பு வந்தது. நாங்கள் ஒரு குற்றவாளித் தரப்புக்கு ஆஜரானோம், அதனால் போலீஸ் கோப்பின் நகல் எங்களுக்குக் கிடைத்தது. அதில் ஒரு எலக்ட்ரீஷியனின் ஆறு மாதப் போன் பட்டியல் இருந்தது. அவருக்கும் கொள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொள்ளை நடந்த வீட்டில் இரண்டு நாள் முன்பு வேலை பார்த்திருந்தார், அவ்வளவுதான். பட்டியலில் ஒரு எண் வாராவாரம் வந்தது. எதிரே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள், புற்றுநோய் மருத்துவரின் எண் என்று. அவர் மனைவி எனக்குத் தெரிந்தவர், ஒரே கோயிலுக்கு வருகிறவர்கள். அந்த அம்மாவுக்கு அப்போது விஷயம் தெரியாது. குற்றவாளிகளின் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள் என்று பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை அந்த அம்மா எனக்குப் பிரசாதம் கொடுத்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த எலக்ட்ரீஷியன்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருக்குச் சொந்தமான ஒன்றை அவரைக் கேட்காமல் எடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டார்கள், எடுத்ததைச் சொல்லவும் இல்லை.

அப்புறம் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதிகாரத்தை யார் கையில் கொடுக்கிறோம்? 2018இல் சிட்னி முஃபமாடி தலைமையிலான ஆய்வுக் குழு, உளவுத்துறை கட்சிக்குள் நடக்கும் கோஷ்டிச் சண்டைக்குப் பயன்பட்டது என்று எழுதியது. 2017 டிசம்பரில் ஆளுங்கட்சி மாநாட்டுக்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் போன்களையெல்லாம் டவர் போல நடித்துப் பிடிக்கும் 'கிராப்பர்' கருவி ஒன்றைப் போலீஸ் உளவுப் பிரிவு 4.5 கோடி ராண்டுக்கு வாங்கப் பார்த்தது. போலீசை விசாரிக்கும் அமைப்பு அதைத் தோண்டியது. 2025 ஜூலையில் நம் மாகாணத்தின் போலீஸ் கமிஷனரே பத்திரிகையாளர்களைக் கூட்டி, குற்றக் கும்பல்கள் போலீஸ் துறைக்குள் புகுந்துவிட்டன என்று சொன்னார். அதை விசாரிக்கப் போட்ட கமிஷனின் தலைவர் யார் என்று பாருங்கள். ரிக்கா தீர்ப்பை எழுதிய அதே மட்லாங்கா. நல்ல போலீஸ்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். அவர்களுக்கும் காவல் வெளியாள் ஒருவரின் கையெழுத்துதான். மேலதிகாரி 'இந்த எண்ணையும் சேர்த்துக்கொள்' என்று சொல்லும்போது, 'ஐயா, நீதிபதி கேட்பார்' என்று சொல்லத் தைரியம் வரும்.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடியது. போலீஸ் வீட்டுக்கோ கோயில் அலுவலகத்துக்கோ வந்தால் வாரண்டைப் பார்க்கக் கேளுங்கள். சோதனை முடிந்ததும் வாரண்டின் நகல் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. வாரண்ட் இல்லாமலும் அதே சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி வரலாம், ஒன்று நீங்கள் சம்மதித்தால், இல்லையென்றால் வாரண்ட் வாங்கப் போனால் பொருள் கைவிட்டுப் போய்விடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால். நம் ஆட்கள் தவறுவது முதலாவதில்தான். வாசலில் போலீஸைப் பார்த்ததும் 'வாங்க ஐயா, உள்ளே வாங்க' என்று சொல்லிவிடுகிறோம். மரியாதை நம் பழக்கம். சட்டத்தின் கண்ணில் அது சம்மதமாகிவிடலாம். மரியாதையாகவே சொல்லலாம்: "வாரண்ட் இருக்கிறதா ஐயா? இல்லையென்றால் எனக்குச் சம்மதம் இல்லை. நீங்கள் வந்தால் தடுக்க மாட்டேன்." கையால் தடுக்கவே கூடாது. வந்தவர்களின் பெயர், நேரம், எடுத்துப் போன பொருள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முறை தவறி எடுத்த சாட்சியத்தைக் கோர்ட் தள்ள அரசியல் சட்டத்தின் 35(5) பிரிவில் இடம் இருக்கிறது, ஆனால் அன்று எழுதி வைத்த குறிப்பு இருந்தால்தான் வக்கீலுக்கு வேலை நடக்கும்.

கோயில் கணக்கில் ஒரு விஷயம். 2022 டிசம்பரில் வந்த பணமோசடித் தடுப்புத் திருத்தச் சட்டப்படி, நாட்டுக்கு வெளியே நன்கொடையோ சமயப் பணியோ செய்யும் அமைப்புகள் பதிவு செய்திருக்க வேண்டும். எல்லா அமைப்புகளும் பதிய வேண்டும் என்றுதான் முதலில் மசோதா வந்தது, அதையும் எதிர்த்து எழுதியவர்கள்தான் குறைத்தார்கள். உங்கள் கோயில் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ பணம் அனுப்பினால் இதை ஒரு வக்கீலிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவை மூடாதீர்கள். அதில் எழுதுவதைப் போன் கம்பெனி படிக்க முடியாது, அது பூட்டித்தான் போகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் வெளியே தெரிவது குழுவில் ஒருவர் காட்டுவதால் அல்லது ஒருவர் போன் பறிபோவதால். ஆகவே போனுக்கு நல்ல பூட்டுப் போடுங்கள். பக்தர்களின் அடையாள எண், வங்கிக் கணக்கு, யார் வீட்டில் என்ன நோய் என்பதையெல்லாம் குழுவில் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். அபிஷேக நேரமும் காவடி ஏற்பாடும் யார் படித்தால் என்ன.

அடுத்த முறை நாடாளுமன்றம் ரிக்கா மீதோ உளவுச் சட்டத்தின் மீதோ பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது கமிட்டியின் பெயரில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். 205ஆம் பிரிவில் பட்டியல் எடுத்தாலும் வழக்கு முடிந்ததும் எண்ணுக்குச் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுத உதவி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். அம்மாவையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போலீசுக்கு அதிகாரம் வேண்டும் என்று அவர் சொல்வதையும் அதே பக்கத்தில் எழுதலாம், இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.